அப்பா மீன் சாப்பிடாத பதினொரு மாதங்கள்

அன்பு உறவுகளே, நண்பர்களே,

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் அப்பாவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து, "அப்படியே சிரிக்கிறார்" என்று யாராவது சொல்லியிருப்பீர்கள். அது ஒரு கடல் உணவுக் கடையில் எடுத்த படம். மார்புக்குக் கீழே வெட்டிவிட்டோம். வெட்டாமல் விட்டிருந்தால் அப்பாவின் கையில் இருக்கும் நண்டுக்காலும் தெரிந்திருக்கும். நினைவு மலருக்கு அது பொருந்தாது என்று சொன்னவள் நான்தான். எது பொருந்தும், எது பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்வது என் பழக்கம். அந்தப் பழக்கம் அப்பாவை என்ன செய்தது என்பதைத்தான் இந்தப் பக்கங்களில் எழுதப் போகிறேன்.

நான் அப்பாவின் மூத்த மகள். திருமணம் செய்துகொள்ளாமல் ஆயர் ஈத்தாம் வீட்டிலேயே பெற்றோருடன் இருந்துவிட்டவள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் நான் சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அது அப்படியே ஆகிவிட்டதை இத்தனை வருடம் நான் கவனிக்கவில்லை.

அப்பா பிறந்தது பட்டர்வொர்த்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, குமாஸ்தாவாக இருந்தவர். அப்பாவுக்குப் பதினான்கு வயதாகும்போது அவர் காலமானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரு பலகை வீட்டின் பின்னறைக்குக் குடிபோனார்கள். தாயும் ஐந்து பிள்ளைகளும் அந்த ஒரே அறையில். அந்தக் காலத்தைப் பற்றி அப்பா குறைபட்டுப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வார். சந்தை கலையும் நேரத்தில் போனால் கெம்போங் மீன் மலிவாகக் கிடைக்குமாம். ஒரு மீனை ஐந்து பேருக்குப் பங்கிடும்போது தலை யாருக்கு, வால் யாருக்கு என்று சீட்டுப் போடுவார்களாம். "அதுல எனக்கு எப்பவும் வால்தான் விழும். அதனாலதான் இப்ப முழு மீனாச் சாப்பிடுறன்" என்பார்.

தினமும் ஃபெரி ஏறி, நாம் இப்போது இருக்கும் இந்தத் தீவுக்கு வந்து படித்தார். படிப்பு முடிந்த கையோடு அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலை கிடைத்தது. மூன்று தம்பிகளையும் ஒரு தங்கையையும் கரையேற்றிய பிறகுதான் தனக்கென்று கல்யாணம் பேசச் சம்மதித்தார். அந்தத் தங்கைதான் நீங்கள் எல்லோரும் அறிந்த பட்டர்வொர்த் மாமி. வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை அப்பா ஒரு நாளும் தாமதமாக அலுவலகம் போனதில்லை. படிக்கத் தெரியாதவர்கள் விண்ணப்பப் பாரம் நிரப்ப வீட்டுக்கே வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களை அம்மா சாப்பிடாமல் அனுப்பமாட்டார். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அப்பா உண்மையாகவே வாழத் தொடங்கினார் என்று சொல்லலாம். காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு நடந்து போவார். மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அமுக்கி, மீன்காரச் சீனப் பெண்ணோடு அவள் மொழியான ஹொக்கியனில் நான்கு வார்த்தை சண்டை பிடித்துத்தான் வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை விரித்தபடி அம்மாவுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்குவார்.

"புளி கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"ஆபீஸ்ல நீங்க சொன்னதுக்கு எல்லாரும் தலையாட்டினாங்க. இது என் ஆபீஸ்" என்பார் அம்மா. அப்பா பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் கூழ் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா கொண்டுவந்து கொடுத்தால் வீடே திருவிழா ஆகிவிடும். நண்டு, இறால், கணவாய், மீன் தலை, மரவள்ளி, பயற்றங்காய் எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும். ஊரில் பலா இலையைக் கோலிக் குடிப்பார்களாம். எங்கள் வீட்டில் மைலோ குவளைதான். அப்பா மூன்று குவளை குடித்துவிட்டு, வேர்வை வழிய, மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை வேறு எந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வெளியே சாப்பாடு. தம்பி மறுகரையில், பத்து காவானில் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர், அங்கேயே வீடு. அதனால் நாங்கள் தீவிலிருந்து இரண்டாவது கடல் பாலத்தைத் தாண்டிப் போவோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆற்றோரமாகப் பலகைத் தளத்தில் ஒரு சீனக் கடை. அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, மாலை ஐந்து மணிக்கே வாசலில் நிற்பார். கடையில் மெனுவைக் கையால் தொடமாட்டார். நேரே தொட்டிப் பக்கம் போய், கடை முதலாளியான தவுக்கேயோடு ஹொக்கியனில் பேசி, ஒவ்வொரு நண்டாகத் தூக்கிக் கால் பக்கத்து ஓட்டைக் கட்டை விரலால் அமுக்குவார். அமுங்கினால் சதை இல்லை என்று அர்த்தம். பௌர்ணமி நண்டு வெறும் கூடு, அமாவாசை நண்டுதான் கனக்கும் என்பது அவர் அனுபவம். ஆனால் அமாவாசையில் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி எல்லாவற்றையும் நாங்கள் மச்சம் என்றுதான் சொல்வோம். "நல்ல நண்டு வர்ற நாளாப் பாத்து விரதத்தை வச்சிருக்கிறார் கடவுள்" என்று அலுத்துக்கொள்வார். விரதத்தை ஒருநாளும் மீறியதில்லை. அமாவாசைக்கு அடுத்து வரும் சனிக்கிழமைக்குக் காத்திருப்பார்.

மேசையில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பிடும்போது யாரும் நோயைப் பற்றியும் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றியும் பேசக்கூடாது. முதலில் அவித்த கொடுவா மீன், அடுத்தது நண்டு, பிறகு இறால். அம்மா வெளிச் சாப்பாட்டை லேசில் மெச்சமாட்டார். ஆனால் சாஸை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த வாரம் அதே ருசி எங்கள் அடுப்படியில் இருக்கும். "கடைக்குப் போறதே இவ படிக்கத்தான்" என்று அப்பா தவுக்கேயிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

போன வருடம் அம்மா போய்விட்டார். பக்கவாதம், ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நான் உடைந்துபோனேன். பள்ளியில் இருந்து வந்தால் அடுப்படிப் பக்கம் பார்க்க முடியாது. அம்மாவுக்காக எதையாவது செய்யவேண்டும், பெரிதாகச் செய்யவேண்டும் என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் ஐயர், "இனி நீங்கள் வழமைபோலச் சமைக்கலாம்" என்றார். அது எல்லோர் வீட்டிலும் சொல்வதுதான். அப்போது நான் எழுந்து நின்று, உங்களில் பலர் இருந்த அந்தக் கூடத்தில், "அம்மாவின் ஆட்டத் திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை" என்று சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. எந்தச் சாத்திரமும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வருடம் வாயைக் கட்டினால் அம்மாவுக்கு நான் பட்ட கடன் தீரும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

பட்டர்வொர்த் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்கவேணும். உன்ர அம்மா குடுத்து வச்சவள்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்பா மூலையில் நாற்காலியில் இருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "சரி பிள்ளை" என்றார்.

அன்றிலிருந்து தௌக்வா என்னும் சோயாக் கட்டி, கத்தரிக்காய், பருப்பு, கீரை, மறுபடியும் தௌக்வா. எனக்கு அம்மாவின் கைப்பக்குவம் இல்லை. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். "நல்லா இருக்கு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். மனைவியை இழந்தவருக்குச் சாப்பாடு இறங்காது என்று நான் நினைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டுமே உண்மை என்று முடிவு கட்டிவிட்டேன். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. இடுப்பு வாருக்குத் தம்பி புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தான். அப்பா காலையில் சந்தைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு கட்டுக் கங்கோங் கீரை வாங்க ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்காவது மாதமே எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் பள்ளி ஆசிரியர் அறையில் யாரோ வாவல் மீன் குழம்பைத் திறந்தார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். இதை அம்மா பார்த்தால் சிரிப்பார் என்று தோன்றியது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு மீன் சமைத்துப் போட்டவருக்கு, அவர் பெயரால் ஒரு வீடு மீன் சாப்பிடாமல் இருப்பது எந்த வகையில் மரியாதை? இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, "அப்பா இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார், நான் முதலில் விட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்" என்று என்னை அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் மீன் சாப்பிடாமல் இருந்தது அம்மாவுக்காக இல்லை. அப்பாவுக்காக.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். மாமியும் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில்தான் பேச்சு எழுந்தது.

"அக்கா, ஏழு மாசம் ஆச்சு. அப்பாவை ஒரு தடவை அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போவோம் லா. எவ்வளவு மெலிஞ்சிட்டார், நீ பார்க்கலையா?"

"அம்மா போய் ஏழு மாசத்துல நண்டு கேக்குதா உனக்கு?"

"எனக்கு இல்லக்கா. அப்பாவுக்கு."

"அப்பா கேட்டாரா?"

"அவர் கேக்க மாட்டார். உனக்குத் தெரியாதா?"

"அப்ப இங்கேயே கேட்டுருவோம்" என்று அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, நீங்களே சொல்லுங்க. அம்மாவுக்காக இன்னும் அஞ்சு மாசம் உங்களால இருக்க முடியாதா?"

அப்பா என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம் பிள்ளை. வருசம் முடியட்டும்" என்றார்.

நான் தம்பியைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. அவன் கையைக் கழுவப் போய்விட்டான்.

கேட்ட கேள்வியைப் பாருங்கள். ஆசிரியையாக இருபத்தைந்து வருடம் கேள்வித்தாள் தயாரித்தவள் நான். ஒரு கேள்வியில் பதிலைப் பூட்டி வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? "முடியாது" என்று அப்பா சொல்லியிருந்தால் அது நண்டைப் பற்றிய பதிலாக இருந்திருக்காது. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளை அவர் மறந்துவிட்டார் என்ற பதிலாக இருந்திருக்கும். அதுவும் தன் தங்கை முன்னால், மருமகள் முன்னால், பேரப்பிள்ளைகள் முன்னால்.

பதினோராவது மாதம் தம்பி ஒரு வேலை செய்தான். அம்மாவின் திவசத்துக்கு அடுத்த சனிக்கிழமைக்கு அந்தக் கடையில் மேசை சொல்லிவைத்துவிட்டு வந்து சொன்னான். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். அப்பா எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் கட்டங்களைத் தடவினார். "அமாவாசை முடிஞ்சு மூணாம் நாள். நண்டு நல்லா இருக்கும் லா அந்த வாரம்" என்றார். குரலில் பல மாதங்களாக இல்லாத ஒரு துள்ளல் இருந்தது. நான் சிரித்தேன். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும். அன்று மாலையே காரை எடுத்திருக்கவேண்டும். இன்னும் மூன்று வாரம்தானே என்று நினைத்தேன்.

அம்மாவின் திவசத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை. அப்பா குளித்து, திருநீறு பூசி, தோசைக்கு உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும், "கொஞ்சம் பொறு பிள்ளை, நெஞ்சுல என்னமோ அடைக்குது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுபத்தொன்பது வயது. கஷ்டப்படாமல் போனார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். அந்த ஆறுதல் எனக்கு எட்டவில்லை. அவர் கடைசியாக வாயில் வைத்தது நான் ஊற்றிய, நடுவில் வேகாத ஒரு தோசை.

அம்மாவின் திதி அப்பாவின் துடக்குக்குள், இறப்புத் தீட்டு நாட்களுக்குள் வந்துவிட்டது. அதனால் அன்று திவசம் செய்ய முடியாது, பிறகுதான் செய்யவேண்டும் என்று ஐயர் சொன்னார். எந்த நாள் முடியட்டும் என்று அப்பாவைக் காக்க வைத்தேனோ, அந்த நாளே வரவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. போனவருக்கு விருப்பமான எல்லாவற்றையும் சமைத்து அவர் படத்துக்கு முன்னால் படைப்பது நம்மவர் வழக்கம். அவர் மச்சம் விரும்பிச் சாப்பிட்டவர் என்றால் அன்று மச்சமும் உண்டு. முதல்நாள் மாமி தொலைபேசியில், "அண்ணனுக்கு நண்டு இல்லாமல் படைக்க ஏலாது, தெரியும்தானே" என்றார். நானும் தம்பியும் காலையில் சந்தைக்குப் போனோம்.

அப்பா வழக்கமாக வாங்கும் மீன்காரச் சீனப் பெண் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. "அங்கிள் ஹாரி ஹாரி டாத்தாங். தெங்கோ சாஜா, தாக் பெலி" என்று மலாயில் சொன்னாள். தினமும் வருவார், சும்மா பார்ப்பார், வாங்கமாட்டார். ஏன் வாங்கவில்லை என்று அவள் ஒருநாள் கேட்டாளாம். மகளுடைய பூசை முடியட்டும், பிறகு வாங்குகிறேன் என்றாராம் அப்பா. மகளுடைய பூசை. மனைவியுடையது என்று அவர் சொல்லவில்லை. அவளே நண்டுகளைத் தூக்கிப் பார்த்து, அப்பா செய்வதுபோலவே ஓட்டை அமுக்கி, ஆறு நண்டைப் பொறுக்கிக் கட்டித் தந்தாள்.

காரில் ஏறியதும் தம்பியிடம் கேட்டேன், "அப்பா எனக்காகத்தான் இருந்தார்னு உனக்குத் தெரியுமா?"

அவன் காரைக் கிளப்பவில்லை. "அன்னிக்கு, நீ எல்லார் முன்னாலயும் கேட்ட அன்னிக்கு, நான் கிளம்புறப்ப அப்பா கார் வரைக்கும் வந்தார். நான், 'அப்பா, உண்மையைச் சொல்லுங்க, நாம ரெண்டு பேர் மட்டும் போய்ச் சாப்பிட்டு வருவோம்'னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'எனக்கு நண்டு இல்லாட்டி ஒண்டும் ஆகாது. உன் அக்கா அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறாள். அவள் நிமிர்ற வரைக்கும் நான் இருப்பன். நீ அவளோட சண்டை பிடிக்காதே'ன்னார். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"என்கிட்ட நீ சொல்லியிருக்கலாமே டா."

"அக்கா, நீ கேட்ட கேள்வியா அது? அவர் வேற என்ன சொல்லுவார்?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மீன் வாசனை நிறைந்த அந்தக் காருக்குள் இருவரும் வாய்விட்டு அழுதோம். சந்தைக்கு வந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்று நான் சமைத்தேன். நண்டுக் குழம்பு, இறால் பொரியல், அவித்த மீன், வீட்டில் மிஞ்சியிருந்த ஒடியல் மாவில் ஒரு பானைக் கூழ். கை தானாகவே அம்மாவின் பக்குவத்தைத் தேடியது. என்ன ஆச்சரியம், அன்று எல்லாம் சரியாக வந்தது. வாழை இலையில் பரப்பி வைத்து, தீபம் காட்டி, வழக்கப்படி அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பதினொரு மாதம் அவர் உயிரோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு துண்டு மீன் வைக்க எனக்குக் கை வரவில்லை. இப்போது ஒரு படத்துக்கு முன்னால் இலை நிறைய வைத்துவிட்டு, சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சில நிமிடங்களில் நான் என்னை வெறுத்த மாதிரி இனி யாரையும் வெறுக்கமாட்டேன்.

கதவைத் திறந்து, படைத்ததை எல்லோருக்கும் பகிர்ந்தபோது மாமி என் தட்டில் ஒரு நண்டை வைத்தார். நான் தொடவில்லை. மாமி பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"சாப்பிடு பிள்ளை. உன்னை மட்டும் குறை சொல்ல ஏலாது. அண்டைக்குக் கையைப் பிடிச்சுப் புகழ்ந்தது நான்தானே. நான் என்ன வருசம் காத்தனானா? முப்பத்திரெண்டாம் நாளே என் வீட்டுல மீன் சமைச்சிட்டன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நாங்களும்தான் மாமி" என்றான்.

துக்க வீடு என்பதையும் மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையில் முடிந்தது. ஆக, இந்தக் குடும்பத்தில் வருடம் காத்தவர்கள் இரண்டே பேர். ஒரே வீட்டில், ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, அவர் எனக்காகவும் நான் அவருக்காகவும் தௌக்வா சாப்பிட்டிருக்கிறோம். இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவேண்டியவள் நான். ஏனென்றால் அதைப் பூட்டியவள் நான்.

இனி நன்றி சொல்லவேண்டும்.

அப்பாவைத் தன் காரில் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அவசரப் பிரிவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெயர் தெரியாத மலாய்த் தாதிக்கும், முற்றத்தில் கொட்டகை போட்டு நாற்காலி சுமந்த கோயில் இளைஞர்களுக்கும், எட்டு நாளும் தேத்தண்ணி ஊற்றிய தெரு அக்காமாருக்கும், கிரியைகளை முறையாக நடத்திவைத்த ஐயருக்கும், தூரம் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இழவுக்குக் கருநிறச் சட்டை அணிந்து வந்து, வாசலிலேயே நின்று அப்பாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போன சீனக் கடைத் தவுக்கேக்கும் நன்றி. என்னிடம் தோற்றதுபோல் நடித்துக்கொண்டு அப்பாவின் சொல்லைக் காப்பாற்றிய என் தம்பிக்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இன்று பந்தி முடிந்து நீங்கள் விடைபெறும்போது யாராவது என்னிடம், "இனி எப்படி, அப்பாவுக்கும் வருசம் காக்கிறியா பிள்ளை?" என்று கேட்பீர்கள். அன்போடுதான் கேட்பீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். வரும் சனிக்கிழமை நாங்கள் அந்தக் கடைக்குப் போகிறோம், மாமியும் வருகிறார். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் "சரி", "இருக்கலாம்", "உன் விருப்பம்" என்று சொல்லிக்கொண்டு இருந்தால், தயவுசெய்து அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அப்பா, அந்தக் கேள்வியை நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். இன்னொரு முறை வாய்த்தால், தனியாகக் கூடக் கேட்கமாட்டேன். கேட்கவே மாட்டேன். கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, சட்டையை மாத்துங்க, போவோம்" என்று மட்டும் சொல்வேன்.